பெட்டி கடைசியில்: ஸ்கிராப்புக் சாமான்களையும் வேலை செய்யும் இடத்தையும் குறைந்த செலவில் ஒழுங்குபடுத்துவது

ஸ்கிராப்புக், அதாவது புகைப்படங்களைக் காகிதமும் அலங்காரமும் சேர்த்து ஒட்டிச் செய்யும் ஆல்பம், செய்யத் தொடங்கிய சில மாதங்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இந்த நிலை வந்துவிடும். மேசை நிறையக் காகிதம், ஒரு பையில் ஸ்டிக்கர், இன்னொரு பையில் டேப், கத்தரிக்கோலைத் தேடுவதிலேயே பத்து நிமிடம், கடைசியில் ஒரு பக்கமாவது முடிக்கலாம் என்று உட்கார்ந்தவர் சலித்துப்போய் எழுந்துவிடுவார். அப்போது மனசு நேராகக் கடைக்குத்தான் போகும். ஒரே மாதிரியான பெட்டிகள், டிராயர் அடுக்கு, சக்கரம் வைத்த தட்டு வண்டி, இதெல்லாம் வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். தயவுசெய்து இன்றைக்கு ஒரு பெட்டிகூட வாங்காதீர்கள். என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எதை அடிக்கடி எடுக்கிறோம் என்று தெரியாமல் வாங்கிய பெட்டியில் சாமான் உட்காராது. அப்புறம் அந்தப் பெட்டிக்கே இடம் தேட வேண்டியிருக்கும்.

என் கணக்கு ஒன்றுதான்: புகைப்படத்தைத் தொடுகிற பொருளுக்குக் காசு செலவழியுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே சொல்கிற வரிசையில் போனால் ஒரு விடுமுறை நாளில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

முதல் வேலை: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

தரையில் ஒரு பழைய போர்வையை விரித்து, உங்களிடம் உள்ள எல்லாச் சாமானையும் அதன்மேல் கொட்டுங்கள். அலமாரி மூலையில் இருப்பது, கைப்பையில் கிடப்பது, கட்டிலுக்கடியில் தள்ளியது, பிரிக்காமல் வைத்திருக்கிற பொட்டலம், ஒன்று விடாமல் வரட்டும். பாதியை அலமாரியிலேயே விட்டுவிட்டு மீதியை மட்டும் அடுக்கினால் அடுத்த வாரமே பழையபடி ஆகிவிடும்.

கொட்டியதும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வகை வகையாகக் குவியுங்கள். பூப்போட்ட காகிதம், ஒரே நிறக் கார்ட்ஸ்டாக் (கெட்டித் தாள்), வெட்டி மிஞ்சிய துண்டுகள், ஸ்டிக்கர், ஒட்டும் பொருள்கள், வெட்டும் கருவிகள், மை தொட்டு உருவம் பதிக்கும் ஸ்டாம்ப்பும் மையும், பேனா, ரிப்பன், பட்டன் போன்ற சின்ன அலங்காரங்கள், புகைப்படங்கள். இந்தப் பத்துக் குவியலுக்குள் அனேகமாக எல்லாம் அடங்கிவிடும்.

இப்போது ஒவ்வொரு குவியலாகச் சோதனை. எல்லாப் பேனாவையும் ஒரு வெள்ளைத் தாளில் கோடு இழுத்துப் பாருங்கள், காய்ந்துபோனது குப்பைக்கு. பசை பாட்டிலை அழுத்திப் பாருங்கள். பழைய ஸ்டிக்கர் தாளில் ஒன்றை உரித்து ஒட்டி, ஓரம் எழும்புகிறதா என்று கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். எழும்பினால் அந்தத் தாளைத் தூக்கி எறிய வேண்டாம், படம் பிடித்திருந்தால் தனியாகப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம். நான் முதல்முறை இப்படிக் கொட்டியபோது ஒரே அளவு இரட்டைப் பக்க டேப் ஐந்து சுருள் கிடைத்தது, அதில் மூன்று பிரிக்காதது. கண்ணில் படாததால் இல்லை என்று நினைத்து மறுபடி மறுபடி வாங்கியிருக்கிறேன். ஒழுங்காக வைப்பதில் பணம் மிச்சமாவது இந்த இடத்தில்தான். சாமான் கண்ணுக்குத் தெரிந்தாலே பாதி வாங்கல் நின்றுவிடும்.

பிடிக்காமல் போனதையும் இந்த நேரத்திலேயே பிரித்துவிடுங்கள். இரண்டு வருடமாகத் தொடாத காகிதக் கட்டு, யாரோ பரிசாகக் கொடுத்த பஞ்ச் (காகிதத்தை அழுத்தி உருவமாக வெட்டும் கருவி), உங்கள் ரசனைக்கு ஒத்துவராத ஸ்டிக்கர். இதே பொழுதுபோக்கு உள்ள ஒருவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், குழந்தைகள் வரைந்து ஒட்டி விளையாடக் கொடுக்கலாம். வைத்திருந்தால் எப்போதாவது உதவும் என்பது எல்லாச் சாமானுக்கும் பொருந்தும், அதனால் அதைக் கேட்டு முடிவெடுக்க முடியாது. இன்று கடையில் இதைப் பார்த்தால் எடுப்பேனா என்று கேளுங்கள், பதில் சட்டென்று வந்துவிடும்.

இரண்டாவது: ஒரு பக்கம் செய்து பாருங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்து, வழக்கம்போல ஒரு பக்கத்தை முழுதாகச் செய்யுங்கள். எதை எடுக்க எழுந்தீர்கள், எதைத் திரும்பத் திரும்ப எடுத்தீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். எனக்கு வந்த பட்டியல் மிகச் சிறியது. ட்ரிம்மர் (காகிதத்தை நேராக வெட்டும் கருவி), சின்னக் கத்தரிக்கோல், டேப், கறுப்புப் பேனா, பென்சில், அளவுகோல், ஃபோம் டேப் (ஒட்டியதைச் சற்று உயர்த்திக் காட்டும் தடித்த டேப்). ஏழே சாமான். மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான். எம்போசிங் பவுடர் (சூடாக்கினால் அச்சை மேடாக்கும் பவுடர்), விதவிதமான பஞ்ச், வாட்டர்கலர் போன்றவை மாதம் ஒருமுறை எடுத்தால் அதிகம், அவை எழுந்து போய் எடுக்கிற இடத்தில் இருக்கலாம். பண்டிகைக் காலத்துக்கு மட்டும் வேண்டியவை மேல் பரணுக்குப் போகலாம்.

உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். ஸ்டாம்ப் பிரியர்களுக்கு மை பேட்தான் முதலில் வரும். மற்றவர்களின் அழகான அறைப் படங்களைப் பார்த்து அப்படியே அடுக்கினால் ஒத்துவராமல் போவதற்குக் காரணம் இதுதான், அது அவர்கள் கை போகிற வழி.

மூன்றாவது: இடம்

தனி அறை வேண்டியதில்லை. தனி மேசைகூட இல்லாமல் சாப்பாட்டு மேசையிலேயே அருமையான ஆல்பங்கள் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த ஏழு சாமானும் ஒரே தட்டிலோ கைப்பிடி வைத்த கூடையிலோ இருக்க வேண்டும், ஒரே தடவையில் தூக்கி வந்து ஒரே தடவையில் தூக்கிப் போக வேண்டும். மூன்று நடை நடக்க வேண்டியிருந்தால் பாதி நாள் தொடங்கவே மாட்டீர்கள்.

இடம் தேடும்போது தரையளவை மட்டும் பார்க்காமல் சுவரையும் பாருங்கள். கதவின் பின்பக்கம் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். அங்கே பல அறை வைத்துத் தைத்த துணித்தொங்கலை மாட்டினால் டேப், பஞ்ச், கத்தரிக்கோல், பசை எல்லாம் அதில் போய்விடும். பழைய ஜீன்ஸ் பைகளை வெட்டி ஒரு கெட்டித் துணியில் தைத்தாலே போதும். கட்டிலுக்கடியில் தட்டையான பெட்டிகள் போகும், பெரிய காகிதத்துக்கு அது நல்ல இடம். மேசை விளிம்பில் இரண்டு கொக்கி ஒட்டினால் அளவுகோலும் கத்தரிக்கோலும் தொங்கும்.

எங்கே வைக்கக்கூடாது என்பது அதைவிட முக்கியம். நேர் வெயில் விழும் ஜன்னலோரம் கூடாது. ஒருமுறை நீலக் காகிதக் கட்டு ஒன்றை ஜன்னல் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தேன், சில தாள்கள் மட்டும் அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கோடை முடிந்து எடுத்தபோது அந்த அரை அங்குலம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தது. குளியலறையை ஒட்டிய சுவர், மழைக்கு ஓதம் ஏறும் வெளிச்சுவர், சமையலறை அடுப்புப் பக்கம், ஓட்டுக்கூரைக்கு அடியில் உள்ள சூடான பரண், இவையும் வேண்டாம். புகைப்படத்துக்கும் காகிதத்துக்கும் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் வரை இருப்பதுதான் நல்லது என்பார்கள். எல்லா வீட்டிலும் அது கிடைக்காது. ஆனால் மனிதர் வசதியாக உட்காரக்கூடிய அறையின் உள்சுவர் அலமாரி அனேகமாக நல்ல இடமாகவே இருக்கும். மருந்து பாட்டில், புதுச் செருப்புப் பெட்டி இவற்றோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, மூடிய பெட்டிகளுக்குள் போட்டு வையுங்கள்.

வெளிச்சத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மஞ்சள் பல்பின் கீழ் பொருத்தமாகத் தெரிந்த இரண்டு நிறங்கள் காலையில் பார்த்தால் சண்டை போடும். 5000 முதல் 6500 கெல்வின் வரையுள்ள பகல் வெளிச்ச எல்.இ.டி. விளக்கு ஒன்று போதும், பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு) 90-க்கு மேல் என்று போட்டிருந்தால் நிறம் நிறமாகவே தெரியும். வலக்கைக்காரர்கள் விளக்கை இடப்பக்கம் வையுங்கள், இடக்கைக்காரர்கள் வலப்பக்கம். அப்போதுதான் வெட்டும் கோட்டின்மேல் உங்கள் கையின் நிழலே விழாது.

நான்காவது: காகிதம்

அதிக இடத்தையும் அதிகப் பணத்தையும் பிடித்து வைத்திருப்பது காகிதம்தான், அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

வழக்கமான ஸ்கிராப்புக் தாள் 12-க்கு 12 அங்குலம், அதாவது 30.5 சென்டிமீட்டர் சதுரம். தொல்லையே இந்த அளவுதான். ஏ4 தாள் 21-க்கு 29.7 சென்டிமீட்டர் என்பதால் அலுவலகச் சாமான்கள் எதிலும் இது நுழையாது. நுழைந்தாலும் மூலை மடங்கும். அதனால் எந்தப் பெட்டி, எந்த அலமாரியானாலும் உள்ளளவு 32 சென்டிமீட்டராவது இருக்கிறதா என்று அளவு நாடா வைத்து அளந்துவிட்டு எடுங்கள். பெட்டியின் வெளியே எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் வெளியளவு, அதை நம்ப வேண்டாம்.

படுக்க வைப்பதா, நிற்க வைப்பதா? இரண்டுமே சரி, ஆனால் இரண்டுக்கும் ஒவ்வொரு நிபந்தனை உண்டு. படுக்க வைத்தால் தாள் வளையாது. ஆனால் கனம் ஏறும். 216 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 216 கிராம்) கார்ட்ஸ்டாக்கில் 12 அங்குலச் சதுரத் தாள் ஒன்று சுமார் 20 கிராம், நூறு தாள் இரண்டு கிலோ. முந்நூறு தாளை ஒரே அடுக்காக வைத்தால் ஆறு கிலோவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவ வேண்டும், உருவும்போது மூலை கிழியும். ஆகவே அடுக்கைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். நிற்க வைத்தால் புத்தகம்போலப் புரட்டி எடுக்கலாம், எல்லா நிறமும் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் பெட்டி நிறைந்திருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் தாள் வயிறு தள்ளி வளைந்துவிடும், மெல்லிய தாள் சீக்கிரம் வளையும். காலியிடத்துக்கு ஒரு கெட்டி அட்டையைச் செருகினால் தாள் நிமிர்ந்து நிற்கும்.

நிற்க வைக்கும் பெட்டியை நீங்களே செய்துகொள்ளலாம். வீட்டுக்கு வரும் பார்சல் அட்டைப் பெட்டிகளில் 32 சென்டிமீட்டருக்கு மேல் உயரமும் ஆழமும் உள்ளதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மேல்மூடியை வெட்டிவிட்டு, இரண்டு பக்கச் சுவரிலும் முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்து இருக்கும்படி சாய்வாக ஒரு கோடு போட்டு வெட்டுங்கள். ஓரங்களில் அகலமான டேப் ஒட்டினால் உறுதி கிடைக்கும். ஒரு விஷயம்: சாதாரண பார்சல் அட்டையில் அமிலம் இருக்கும், காலப்போக்கில் அது பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். அதனால் உள்ளே நல்ல அமிலமில்லாத வெள்ளைத் தாளை ஒரு வரிசை ஒட்டுங்கள், அல்லது காகிதத்தை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள். ஓரிரு வருடத்தில் பயன்படுத்திவிடும் காகிதத்துக்கு இந்தப் பெட்டி தாராளமாகப் போதும். புகைப்படத்தை மட்டும் இதில் நேரடியாக வைக்காதீர்கள்.

பிரிப்பதைப் பற்றி. புதியவர்களுக்கு நான் சொல்வது: ஒரே நிறத் தாள்களை வானவில் வரிசையில் நிறப்படி வையுங்கள். பூப்போட்டதை நிறப்படி வைப்பதா, பிறந்தநாள், பயணம், குழந்தை, மழைக்காலம் என்று தலைப்புப்படி வைப்பதா என்பதை நீங்கள் எப்படித் தேடுகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். படத்தைக் கையில் எடுத்ததும் "இதற்குப் பச்சை வேண்டும்" என்று தோன்றுகிறவரா, "இது பயணப் படம்" என்று தோன்றுகிறவரா? நான் முதல் வகை, அதனால் தலைப்புப்படி அடுக்கியபோது எதுவும் கிடைக்காமல் திண்டாடி மறுபடி நிறத்துக்கே வந்தேன். கட்டாகச் சேர்ந்து வந்த தொகுப்பை மட்டும் பிரிக்காமல் அப்படியே ஒரு உறையில் வைப்பது நல்லது, அவை ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்தவை. பிரித்துவிட்டால் திரும்பச் சேராது.

துண்டுக் காகிதம்தான் எல்லோருக்கும் தலைவலி. வெட்டி மிஞ்சிய எதையும் எறிய மனசு வராது. அதற்கு ஒரு எல்லை வைத்துவிடுங்கள்: உள்ளங்கையைவிடச் சிறிய துண்டு குப்பைக்கு, உள்ளங்கை அளவுக்கு மேல் இருந்தால் நிற உறைக்கு. நிறத்துக்கு ஒரு ஏ4 உறை, எட்டோ ஒன்பதோ உறை, அவ்வளவுதான். ஒரு உறை நிரம்பினால் புது உறை போடாமல் அதிலிருந்து கழியுங்கள். இன்னொரு வழியும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. மிஞ்சிய தாளை அன்றைக்கே 4-க்கு 6, 3-க்கு 4 அங்குல அட்டைகளாக வெட்டிவிடுவது. பழைய டிசைன் என்பதால் தொடாமல் கிடக்கும் முழுத் தாளையும் இப்படி வெட்டலாம், 12 அங்குலச் சதுரத் தாளில் 4-க்கு 6 அட்டை ஆறு, அல்லது 3-க்கு 4 அட்டை பன்னிரண்டு, துளியும் வீணாகாமல் வரும். பாக்கெட் வைத்த ஆல்பம் பக்கங்களுக்கு இவை நேராகப் பொருந்தும், செருப்புப் பெட்டியில் வரிசையாக நிற்கும், அவசரத்துக்கு வாழ்த்து அட்டையும் ஆகும்.

ஐந்தாவது: புகைப்படங்கள்

காசு செலவழிக்கச் சொன்னது இங்கேதான். காகிதம் போனால் வேறு காகிதம் வாங்கலாம். என்னிடம் குடும்பப் படங்கள் ஒரு கட்டு இருந்தது, யாரோ எப்போதோ ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தது. பல வருடம் கழித்து எடுத்தபோது ரப்பர் உருகி, காய்ந்து, மேல் படத்தோடு ஒட்டிப்போயிருந்தது. மெல்ல உரித்தேன், உரித்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு பாட்டியின் தோளின் குறுக்கே நிற்கிறது. அந்தப் படத்துக்கு நெகடிவ் இல்லை. அதனால் ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம், துருப்பிடிக்கும் இரும்பு கிளிப்பும் வேண்டாம். கட்டு பிரிந்துபோகும் என்று பயந்தால் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, பட்டையின் முனைகளை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டுங்கள்.

பிளாஸ்டிக்கில் எது நல்லது, எது கெட்டது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. டப்பாவின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், 1 என்றால் பெட் எனப்படும் பாலியெஸ்டர், 2 என்றால் பாலிஎதிலீன் வகை, இவை புகைப்படத்துக்குப் பாதுகாப்பானவை. 3 என்றால் பி.வி.சி. அது நாளடைவில் அமில வாயுவை விடும், மென்மைக்காகச் சேர்த்த ரசாயனமும் கசியும், படம் உறையோடு ஒட்டிக்கொள்ளும். மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் வாசனை வந்து, தொட்டால் வழவழவென்று மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் அதுதான். ஆல்பம் உறை வாங்கும்போது பி.வி.சி. இல்லாதது, அமிலமில்லாதது, லிக்னின் இல்லாதது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். லிக்னின் என்பது மரத்தில் உள்ள பொருள், செய்தித்தாள் சில மாதங்களில் மஞ்சளாவதற்கு அதுதான் முக்கியக் காரணம். செய்தித்தாள் துணுக்கை ஆல்பத்தில் வைக்க ஆசையாக இருந்தால் நல்ல தாளில் நகலெடுத்து நகலை ஒட்டுங்கள். புகைப்படச் செயல்பாட்டுச் சோதனையில் (பி.ஏ.டி., பொருள் படத்தைக் கெடுக்குமா என்று பார்ப்பது) தேறியது என்று குறிப்பிட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், அது ஐ.எஸ்.ஓ. 18916 என்ற தரத்தின்படி செய்யப்படும் சோதனை.

கையில் இருக்கும் காகிதம் அமிலமில்லாததுதானா என்று தெரிய ஒரு சோதனைப் பேனா கிடைக்கிறது. கோடு இழுத்தால் அமிலத் தாளில் மஞ்சளாகவும் நல்ல தாளில் ஊதாவாகவும் தெரியும். வெளிர்நிறத் தாளில்தான் இது பலிக்கும். ஒன்று வாங்கினால் வருடக்கணக்கில் வரும், நண்பர்களோடு சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது.

ஆல்பத்துக்குப் போகாத படங்களை வருடப்படி, பிறகு நிகழ்ச்சிப்படி பிரித்து, பாதுகாப்பான பெட்டியில் நிற்க வைத்து, இடையிடையே அட்டை செருகி வருடத்தை எழுதுங்கள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும். பெயரையும் நாளையும் தனித் துண்டில் எழுதிக் கூடவே வையுங்கள். பழைய ஒட்டும் ஆல்பத்தில் மாட்டிக்கொண்ட படங்களைப் பிய்த்து எடுக்காதீர்கள், மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே நுழைத்து ரம்பம்போல மெல்ல அறுத்தால் பெரும்பாலும் விட்டுவரும். வராவிட்டால் அப்படியே படமெடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

ஆறாவது: மற்ற சாமான்கள்

மை பேட்களைப் படுக்கையாகத்தான் வைக்க வேண்டும், சாய்த்து நிறுத்தினால் மை ஒரு பக்கம் இறங்கிவிடும். டை மை, அதாவது சாய மை வகையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மை மேற்பரப்பிலேயே நிற்கும், எடுத்ததும் முதல் அச்சே அழுத்தமாக விழும். கவிழ்த்தால் பெயர் தெரியாது என்பதால் அந்த மையாலேயே ஒரு சின்ன வெள்ளைத் தாளில் ஒத்தி, அதை மேலே தெரிகிற பக்கத்தில் ஒட்டுங்கள். மூடியில் அச்சடித்த நிறத்தைவிட இதுதான் உண்மையான நிறம். இரண்டு முனையுள்ள ஆல்கஹால் மார்க்கர்களும் படுக்கையாகவே இருக்கட்டும், நிறுத்தினால் மேல்முனை காய்ந்துபோகும். மேசைமேல் ஒரு பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து உள்ளே காகித அட்டைக் குழாய்களை அடுக்கினால் மார்க்கருக்கு நல்ல கூடு கிடைக்கும். பசை பாட்டிலை மூடியைக் கீழே வைத்து ஒரு டம்ளருக்குள் கவிழ்த்து வைத்தால் ஒவ்வொரு தடவையும் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கண்ணாடி போன்ற ஸ்டாம்ப்கள் வெயில் பட்டால் மஞ்சளாகும், அவை வந்த வழவழப்பான தாளிலேயே ஒட்டி, ஜிப் கவரில் போட்டு, இருட்டான பெட்டியில் நிறுத்துங்கள். கவருக்குள் அந்தத் தொகுப்பில் உள்ள எல்லா உருவத்தையும் ஒரு அட்டையில் அச்செடுத்துச் செருகினால் தேடும்போது திறக்கவே வேண்டாம். காகிதத்தை உருவமாக வெட்டும் மெல்லிய உலோக அச்சுகளான டைகளுக்குக் காந்தத் தகடு வேண்டும். விளம்பரத்துக்குக் கொடுக்கும் பழைய ஃபிரிட்ஜ் காந்தங்கள் இதற்குப் போதும், கெட்டி அட்டையில் ஒட்டி மேலே டைகளை வைத்தால் நகராது.

பஞ்ச் கனமானது, கீழ்த்தட்டுக்குப் போகட்டும். மொண்ணையானால் அலுமினியத் தாளை நாலு மடிப்பாக்கிப் பத்துப் பன்னிரண்டு தடவை வெட்டினால் ஓரளவு கூராகும், சிக்கிக்கொண்டால் மெழுகுத்தாளை வெட்டுங்கள். புதிது வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கத்தரிக்கோல் இரண்டு வையுங்கள், ஒன்று காகிதத்துக்கு, ஒன்று டேப்புக்கு. டேப் வெட்டுவதில் பசை ஒட்டி, அப்புறம் காகிதத்தில் இழுக்கும். வெட்டும்போது அடியில் போடும் மேட் விரிப்பைத் தட்டையாகவே வையுங்கள், வெயிலிலோ சூடான பாத்திரத்துக்கு அடியிலோ வைத்தால் அலையலையாக நெளிந்துவிடும், திரும்ப நேராகாது. உடைத்த பிளேடுகளை மூடி போட்ட தகர டப்பாவில் போட்டுச் சேர்த்து வையுங்கள், குப்பையில் நேரடியாகப் போட்டால் அள்ளுகிறவர் கை கிழியும்.

ரிப்பனை அட்டையில் சுற்றி முனையைக் குண்டூசியால் குத்தாமல் வெட்டிய பிளவில் செருகுங்கள். வாஷி டேப்பை (அலங்காரக் காகித டேப்) ஒரு கம்பில் கோத்துவிடலாம். பட்டன், முத்து, சில்லுகள் ஒளி ஊடுருவும் சின்ன டப்பாக்களில். ஸ்டிக்கர்களை ஜிப் கவரில் தலைப்புப்படி போட்டு நிறுத்தி வையுங்கள், எழுத்து ஸ்டிக்கர் மட்டும் தனி, ஏனென்றால் அதைத்தான் எல்லாப் பக்கத்துக்கும் தேடுவீர்கள்.

ஏழாவது: இப்போது பெட்டி

குவியல்கள் எல்லாம் இடம் பிடித்த பிறகு எதற்குப் பெட்டி குறைகிறது என்று தெரியும். அந்த அளவை எழுதிக்கொண்டு போய் அதை மட்டும் வாங்குங்கள். ஒரே வகைப் பெட்டியாக வாங்கினால் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும், வேறு வேறு அளவில் வாங்கினால் இடுக்குகளில் இடம் வீணாகும். ஒளி ஊடுருவுவதாக இருக்கட்டும். மூடி தனியாகக் கழன்று வருவதைவிட முன்பக்கம் திறப்பது நல்லது, அடிக்கடி எடுப்பதற்கு மூடியே வேண்டாம். ஒவ்வொரு பெட்டியிலும் கால்வாசி காலியாக விடுங்கள்.

பெயர்ச்சீட்டு கட்டாயம். மாஸ்கிங் டேப்பில் மார்க்கரால் எழுதி ஒட்டினால் போதும், முதல் இரண்டு மாதம் இடங்கள் மாறிக்கொண்டேதான் இருக்கும், அப்போது உரித்து மாற்றிக்கொள்ளலாம். "இதர" என்று ஒரு பெட்டி வைக்க ஆசை வரும். ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், செருப்புப் பெட்டிக்கு மேல் பெரிதாக வேண்டாம், மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது போனில் இரண்டு படம் இருக்கட்டும். ஒன்று காகிதப் பெட்டியின் மேல்விளிம்பு, எந்த நிறம் எவ்வளவு என்று அதில் தெரியும். இன்னொன்று ஒட்டும் பொருள் வைத்த இடம். தள்ளுபடியைப் பார்த்துக் கை போகும்போது முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

ஒவ்வொரு முறை வேலை முடிந்து எழும்போதும் பத்து நிமிடம் ஒதுக்கி, எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்கள், துண்டுகளை உறையில் போடுங்கள், மூடிகளை அழுத்தி மூடுங்கள். அதோடு இன்னொன்றையும் செய்யுங்கள்: அடுத்த பக்கத்துக்கான புகைப்படம், அதற்கு ஒத்துவரும் மூன்று தாள், ஒரு ஸ்டிக்கர் தாள், எழுத நினைத்த வரியைக் குறித்த ஒரு துண்டு, இவற்றை ஒரு பெரிய ஜிப் கவரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள்.